ஊரைப் படிக்க வைத்த ஆசான்: புக்கர் டி. வாஷிங்டன்

கல்விச் சங்கம் ஒன்று இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து நிற்கும் வேளையில், தன்னைத் தானே அளந்து பார்க்கும் கடமை அதற்கு உண்டு. எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் அரசுப் பணியில் அமர்ந்தனர் என்று எண்ணுவது எளிது. நாம் விட்டு வந்த தெருக்களில் எத்தனை வீடுகளில் இன்னும் எழுத்தறியாதோர் உள்ளனர் என்று எண்ணுவதே அரிது. அந்த அரிய கணக்கைத் தம் வாழ்நாள் முழுவதும் கையில் ஏந்தி நின்ற ஒருவரின் வரலாற்றை இவ்வெள்ளிவிழா மலரில் நம் இளைஞர் முன் வைக்க விழைகின்றோம். அவர் அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களின் ஆசான், புக்கர் டி. வாஷிங்டன்.

கடல் கடந்த நாட்டவரின் வரலாறு நமக்கு எதற்கு என எவரும் எண்ண வேண்டுவதில்லை. 1873-ஆம் ஆண்டிலேயே மகாத்மா ஜோதிராவ் பூலே தம் குலாம்கிரி என்னும் நூலை, அடிமைகளை விடுவிக்கப் பாடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அவர்தம் துயரில் நம் துயரைக் காணும் மரபு அன்றே தொடங்கிவிட்டது.

அடிமைக் குடிலில்

புக்கர் 1856-ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தில், ஃபிராங்க்ளின் கவுண்டியில் ஒரு பண்ணையில் பிறந்தார். கவுண்டி என்பது அந்நாட்டில் மாநிலத்தின் உட்பிரிவு. நம் வட்டம் போன்றது எனக் கொள்ளலாம். தாய் ஜேன் அப்பண்ணையின் சமையற்காரி. தந்தை ஒரு வெள்ளையர் என்பதன்றி, அவர் யார் என்பதை மகன் அறிந்ததில்லை. மண் தரையும் ஒற்றை அறையும் கொண்ட சமையற்குடிலே குடும்பத்தின் இல்லம். கட்டில் இல்லை, கந்தல் மூட்டையே படுக்கை. பண்ணையாரின் மகள் பள்ளி செல்லும்போது அவளுடைய புத்தகங்களைச் சுமந்து வாயில் வரை செல்வது சிறுவனின் வேலைகளுள் ஒன்று. வாயிலுக்கு அப்பால் அடியெடுத்து வைக்க அவனுக்கு உரிமை இல்லை. பள்ளிக்கூட வாயிலில் நிற்க வைக்கப்பட்ட நம் முன்னோரின் பிள்ளைகளை இவ்விடத்தில் நாம் நினைவுகூராமல் இருக்க இயலுமோ?

1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்தது. குடும்பம் மேற்கு வர்ஜீனியாவின் மால்டன் என்னும் ஊருக்குப் பெயர்ந்தது. அங்கு மாற்றாந்தந்தை உப்பு காய்ச்சும் தொழிலில் இருந்தார். சிறுவனும் அதிலேயே சேர்க்கப்பட்டான். உப்புப் பீப்பாய்கள் மீது, மாற்றாந்தந்தைக்கு உரியவை என்பதைக் காட்ட 18 என்னும் எண் குறிக்கப்படும். புக்கர் வாழ்வில் முதன்முதலாகப் படிக்கக் கற்றது அந்த எண்ணைத்தான். எழுத்தறியாத தாய் எப்படியோ ஓர் எழுத்துப் புத்தகத்தைத் தேடி மகன் கையில் கொடுத்தார். சொல்லித்தர ஆள் இல்லாத நிலையிலும் சிறுவன் தானே எழுத்துக்களைக் கற்றான்.

பின்னர் மால்டன் மக்கள் ஒன்றுகூடி ஒரு பள்ளி தொடங்கினர். பொருள் வளமற்ற அம்மக்கள் ஆசிரியர்க்குத் தம்மால் இயன்றதைத் தண்டிக் கொடுத்தனர். நாளுக்கொரு வீடாக முறைவைத்து உணவிட்டனர். பகலில் பிள்ளைகளும் இரவில் பெரியோரும் கற்றனர். எழுபது வயதை எட்டியவர்களும் இறப்பதற்குமுன் விவிலியத்தைத் தாமே படித்துவிட வேண்டும் என்று இரவுப் பள்ளியில் அமர்ந்தனர். ஒரு சமுதாயமே பள்ளிக்குள் நுழைய முயன்ற அக்காட்சி புக்கரின் நெஞ்சில் கடைசி வரை நின்றது.

ஆயினும் குடும்பத்தின் வறுமை அவரைப் பகற்பள்ளிக்கு எளிதில் விடவில்லை. விடியற்காலை முதல் ஒன்பது மணி வரை உலையில் வேலை, பிறகு பள்ளி, மாலையில் மீண்டும் வேலை. பிற்காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்தார். பள்ளியில் வருகைப் பட்டியல் அழைக்கப்பட்டபோது பிற பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர் இருப்பதைக் கண்டு, தமக்கும் வாஷிங்டன் என்னும் இரண்டாம் பெயரைத் தாமே சூட்டிக்கொண்டார். பிறர் இட்ட பெயரோடு வாழ்ந்த இனத்துப் பிள்ளை, தன் பெயரைத் தானே தேர்ந்தது சிறு செய்தி அன்று.

ஐந்நூறு கல் பயணம்

ஹாம்ப்டன் என்னும் ஊரில் கறுப்பின மாணவர்க்கென 1868-இல் ஒரு கல்விக்கூடம் நிறுவப்பட்டிருந்தது. வறியோர் அங்கு உழைத்துக்கொண்டே படிக்கலாம் என்னும் செய்தியைச் சுரங்கத்தில் இருவர் பேசக் கேட்டார் புக்கர். 1872-இல், பதினாறு வயதில், ஏறத்தாழ ஐந்நூறு மைல் தொலைவுப் பயணத்தைத் தொடங்கினார். வண்டியிலும் கால்நடையாகவும் சென்றார். ரிச்மண்ட் நகரில் கையில் காசின்றி, தெருவோர மரப்பலகை நடைபாதையின் அடியில் இரவுகளைக் கழித்தார். பகலில் கப்பலிலிருந்து சரக்கு இறக்கிக் கூலி பெற்றார். ஹாம்ப்டனை அடைந்தபோது அவரிடம் எஞ்சியது ஐம்பது சென்ட் மட்டுமே.

அழுக்குடையும் களைத்த முகமுமாக நின்ற இளைஞரைச் சேர்த்துக்கொள்ளத் தலைமையாசிரியை தயங்கினார். பின்பு ஓர் அறையைப் பெருக்குமாறு பணித்தார். புக்கர் அதனை மும்முறை பெருக்கினார், நான்முறை துடைத்தார். ஆசிரியை கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்தும் தூசு தென்படவில்லை. அதுவே அவருடைய நுழைவுத் தேர்வாயிற்று.

இந்நிகழ்ச்சியை நாம் படிக்கும்போது சற்று நின்று சிந்திக்க வேண்டும். துடைப்பம் நம்மவர் பலர் கையில் பிறப்பின் பெயரால் திணிக்கப்பட்ட கருவி. அவருக்கோ அது ஒரு நாள் தேர்வு. அதன் மறுபுறம் வகுப்பறை இருந்தது. உழைப்பு எதுவும் இழிவன்று. ஒருவன் பிறந்த காரணத்தால் அவனுக்கு ஒன்றை ஒதுக்கி, அதன் மறுபுறத்துக் கதவை அடைத்து வைப்பதே இழிவு. இவ்வேறுபாட்டை மறந்துவிட்டு உழைப்பின் உயர்வைப் பற்றி எவரேனும் நமக்கு அறிவுரை கூறின், அதனை நாம் ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும்.

ஹாம்ப்டனில் கட்டடங்களைத் தூய்மை செய்யும் பணியாளராக இருந்துகொண்டே பயின்று 1875-இல் தேர்ச்சி பெற்றார். பின்னர் மால்டனுக்குத் திரும்பிப் பகற்பள்ளியும் இரவுப் பள்ளியும் நடத்தினார். தம் உடன்பிறந்தாரையும் ஊர்ப் பிள்ளைகளையும் ஹாம்ப்டனுக்கு அனுப்பினார். கற்றவர் ஊருக்குத் திரும்புதல் என்னும் வழக்கத்தை அவர் அன்றே மேற்கொண்டார்.

வாக்கினால் பிறந்த பள்ளி

அலபாமா மாநிலத்தில் மேக்கன் கவுண்டி என்பது பருத்தி விளையும் கரிசல் வட்டாரத்தைச் சேர்ந்தது. அங்கே பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அதன் தலைநகர் டஸ்கீகி. அவ்வூரில் லூயிஸ் ஆடம்ஸ் என்பவர் வாழ்ந்தார், முன்னாள் அடிமை, தகரத் தொழிலாளி. சட்டமன்றத் தேர்தலில் நின்ற வெள்ளையர் ஒருவர் கறுப்பின மக்களின் வாக்கை நாடி இவரை அணுகினார். ஆடம்ஸ் தமக்கெனப் பதவியோ பணமோ கேட்கவில்லை. தம் மக்களுக்கு ஓர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி கேட்டார். அதன் பயனாக 1881-இல் மாநிலச் சட்டமன்றம் ஆசிரியர் ஊதியத்திற்கு ஆண்டுதோறும் 2,000 டாலர் ஒதுக்கியது. நிலத்திற்கும் கட்டடத்திற்கும் ஒரு காசும் இல்லை. இப்பள்ளி வாக்குரிமையின் வயிற்றில் பிறந்தது என்பதை நம் இளைஞர் மனத்தில் இருத்துக. பின்னர் இது தேவைப்படும்.

பள்ளியை நடத்த இருபத்தைந்து வயது வாஷிங்டன் அனுப்பப்பட்டார். அவர் வந்தவுடன் பள்ளியைத் திறந்துவிடவில்லை. ஏறத்தாழ ஒரு மாத காலம் வண்டியிலும் கால்நடையாகவும் கவுண்டியின் சிற்றூர்களைச் சுற்றினார். குடியானவர் வீடுகளில் உண்டார், உறங்கினார். குடும்பம் முழுவதும் ஓர் அறையில் முடங்கியது. வீட்டு வாயிற்படி வரை பருத்தி நடப்பட்டிருந்தது. ஒரு கீரைப் பாத்திக்கும் இடமில்லை. உணவு கொழுப்பிறைச்சியும் சோள ரொட்டியுமே. அவையும் கடைக்காரரிடம் கடனாக வாங்கப்பட்டவை. விளைச்சலை ஈடு வைத்தே விதைப்பு நடந்தது. ஓர் இல்லத்தில் தவணைக்கு வாங்கிய அறுபது டாலர் இசைப்பெட்டி இருந்தது. உணவு வேளையில் ஐந்து பேருக்கு முள்கரண்டி ஒன்றுதான் இருந்தது.

பள்ளிகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. ஆண்டுக்கு மூன்று மாதங்களே வகுப்பு. தேவாலயங்களும் மரக்குடில்களுமே பள்ளிகள். ஓரிடத்தில் ஒரே புத்தகத்தை ஐந்து பிள்ளைகள் ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்துப் படிப்பதைக் கண்டார். ஆசிரியர் பலரும் அரைகுறைக் கல்வியினர். 1880-இல் அந்நாட்டுக் கறுப்பின மக்களில் நூற்றுக்கு எழுபது பேர் எழுத்தறியாதவர். பருத்தி வட்டாரங்களின் நிலை அதனினும் தாழ்ந்தது.

செங்கல்லும் முட்டையும்

1881 சூலை 4-ஆம் நாள், முப்பது மாணவருடன், தேவாலயம் ஒன்றன் அருகிலிருந்த சிதைந்த குடிலில் பள்ளி தொடங்கிற்று. மழை பெய்தால் ஆசிரியர் பாடம் கேட்கும்போது மாணவர் ஒருவர் எழுந்து அவர் தலைக்குக் குடை பிடிப்பார். விரைவில் நூறு ஏக்கர் பாழ்பட்ட பண்ணை ஒன்று 500 டாலருக்கு விலைக்கு வந்தது. ஹாம்ப்டன் பொருளாளர் தம் சொந்தப் பணத்திலிருந்து 250 டாலர் கடனளித்தார். குதிரைக் கொட்டிலும் கோழிக்கூடும் வகுப்பறைகளாயின. மீதியைத் திரட்ட ஊரார் முன்வந்தனர். எழுபது வயதுக் கிழவி ஒருத்தி கந்தலுடுத்திக் கோலூன்றி வந்து, தான் சேர்த்து வைத்த ஆறு முட்டைகளைப் பள்ளிக்கு அளித்தாள். பின்னாளில் பெருஞ்செல்வர் பலர் அள்ளிக் கொடுத்தனர். ஆயினும் அந்த ஆறு முட்டைகளைப் போல் தம் நெஞ்சைத் தொட்ட கொடை வேறில்லை என்றே அவர் கருதினார்.

கட்டடம் எழுப்பச் செங்கல் தேவைப்பட்டது. மாணவரே மண் குழைத்துச் சூளை வைத்தனர். முதற்சூளை கெட்டது, இரண்டாவதும் மூன்றாவதும் கெட்டன. கையில் பணம் தீர்ந்தது. வாஷிங்டன் தம் கடிகாரத்தைப் பதினைந்து டாலருக்கு அடகு வைத்தார். நான்காம் சூளை வெந்தது. அச்செங்கல்லை வாங்க வெள்ளையரும் வந்தனர். உடலுழைப்பிற்காகவா பிள்ளையை அனுப்பினோம் என்று பெற்றோர் பலர் சினந்தனர். அடிமைக் காலத்து உழைப்பின் தழும்பு ஆறாத அவர்களின் சினம் நியாயமானதே. எனினும் தாம் கட்டிய சுவருக்குள் தாமே அமர்ந்து படிக்கும் பெருமையை அம்மாணவர் பெற்றனர். ஒலிவியா டேவிட்சன் என்னும் ஆசிரியை அவருக்கு உறுதுணையாக நின்று நிதி திரட்டினார். 1885-இல் அவருடைய வாழ்க்கைத் துணைவியுமானார்.

பள்ளி வேலிக்கு வெளியே

டஸ்கீகியின் கட்டடங்களை மட்டும் புகழ்வோர் வாஷிங்டனின் பணியில் பாதியையே காண்கின்றனர். 1892-இல் அவர் சுற்றுவட்டாரக் குடியானவர்களை ஒரு மாநாட்டிற்கு அழைத்தார். எழுபத்தைந்து பேரை எதிர்பார்த்த இடத்தில் நானூறு பேர் அளவில் வந்தனர். தலைவர்களின் சொற்பொழிவுகள் அங்கு முதன்மை பெறவில்லை. எவர்க்குச் சொந்த நிலம் உண்டு, எவர் நிலம் ஈட்டில் உள்ளது, ஊரில் பள்ளி எத்தனை மாதம் நடக்கிறது என்று குடியானவரே எழுந்து தம் நிலையைக் கூறினர். ஆண்டுதோறும் இம்மாநாடு கூடிற்று. அவருடைய மூன்றாம் துணைவியார் மார்கரெட் மரே, சனிக்கிழமைச் சந்தைக்கு வரும் சிற்றூர்த் தாய்மாரைத் திரட்டிக் கூட்டங்கள் நடத்தினார். 1896-இல் அறிவியலறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் வந்து சேர்ந்தார். பள்ளிக்கு வர இயலாத உழவரிடம் பள்ளியே செல்லட்டும் என்று, 1906-இல் கருவிகளும் விதைகளும் ஏற்றிய குதிரை வண்டி ஒன்று ஊர் ஊராக அனுப்பப்பட்டது.

1912-இல் சிகாகோ வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டு, டஸ்கீகிக்கு 25,000 டாலர் அளித்தார். அதில் ஒரு பகுதியைத் தம் கல்விக்கூடத்திற்கே செலவிடாமல், சிற்றூர்களில் ஆறு பள்ளிகள் கட்ட வாஷிங்டன் இசைவு கேட்டுப் பெற்றார். கொடையாளர் ஒரு பங்கு தருவார். ஊர் மக்கள் தம் பங்கைப் பணமாகவோ மரமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும். பள்ளியை அரசு ஏற்று நடத்த வேண்டும் என்பது அத்திட்டத்தின் முறை. 1913-இல் முதற்பள்ளி எழுந்தது. 1932-க்குள் பதினைந்து மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழுந்துவிட்டன. ரோசன்வால்டு நிதியிலிருந்து வந்தது சுமார் 43 இலட்சம் டாலர். ஏழைக் குடியானவர்கள் தண்டிக் கொடுத்தது சுமார் 47 இலட்சம் டாலர். வள்ளலை விட வறியோரே மிகுதியாகக் கொடுத்தனர். 1910 முதல் 1925 வரை பிறந்த தென்மாநிலப் பிள்ளைகளிடையே கறுப்பினத்தார்க்கும் வெள்ளையர்க்கும் இருந்த கல்வி இடைவெளி குறைந்ததில், நூற்றுக்கு நாற்பது பங்களவு இப்பள்ளிகளால் விளைந்ததென அண்மைக்காலப் பொருளியலறிஞர் கணக்கிட்டுள்ளனர்.

அவர் விட்டுக்கொடுத்ததும் இழந்ததும்

பெரியோரைப் போற்றுமிடத்து அவர்தம் குறையை மறைத்தல் நமக்கு முறையன்று. 1895-இல் அட்லாண்டாவில் ஆற்றிய உரையில், அரசியல் உரிமைக்கான கிளர்ச்சியைப் பின்னுக்குத் தள்ளி, தொழிலிலும் பொருளிலும் முன்னேறுவதே முதல் வேலை என்னும் கருத்தை வாஷிங்டன் முன்வைத்தார். வெள்ளையர் உலகம் அவரைக் கொண்டாடிற்று. 1901-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட் அவரை வெள்ளை மாளிகையில் உடன் அமர்த்தி விருந்திட்டார். தென்மாநில வெள்ளையர் அதற்கே கொதித்தெழுந்தனர். ஆனால் அதே 1901-இல் அலபாமாவின் புதிய அரசியலமைப்பு, எழுத்தறிவுத் தேர்வு, சொத்துத் தகுதி, வாக்கு வரி ஆகியவற்றால் கறுப்பின மக்களின் வாக்கைப் பறித்தது. பள்ளிகளைத் தராத அரசே, படிப்பில்லை என்று கூறி வாக்கை மறுத்தது. அதற்கு முன்பே, 1891-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளி நிதியைப் பங்கிடும் அதிகாரத்தை உள்ளூர் வெள்ளை அதிகாரிகளிடம் ஒப்படைத்திருந்தது. வாக்கில்லாத மக்களின் பிள்ளைகளுக்கு உரிய பணம் வெள்ளையர் பள்ளிகளுக்குத் திரும்பிற்று. வரியும் கட்டி, மீண்டும் தம் பிள்ளைகளின் பள்ளியைத் தாமே கட்டிய அம்மக்கள் கல்விக்காக இருமுறை விலை கொடுத்தனர்.

அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டூபாய்ஸ் 1903-இல் தம் நூலில் வாஷிங்டனை வெளிப்படையாக மறுத்தார். உரிமையும் உயர்கல்வியுமின்றித் தொழிற்பயிற்சி மட்டும் ஓர் இனத்தை உயர்த்தாது என்பது அவர் வாதம். வாஷிங்டனும் உள்ளத்தில் இதனை உணர்ந்தே இருந்தார் என எண்ண இடமுண்டு. அலபாமாவின் வாக்குப் பறிப்பை எதிர்த்து நடந்த வழக்கிற்கு அவர் மறைவாகப் பொருளுதவி செய்தார். 1903-இல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளிற்று. வெளியில் பணிவும் உள்ளே போராட்டமுமாக வாழ நேர்ந்த அவர் நிலையைக் கண்டு நாம் எள்ளி நகைக்க மாட்டோம். ஆயினும் அதனை நம் இளைஞர்க்கு வழியாகவும் காட்ட மாட்டோம்.

1915 நவம்பர் 14-ஆம் நாள், ஐம்பத்தொன்பதாம் வயதில், வாஷிங்டன் டஸ்கீகியில் மறைந்தார். முப்பது மாணவருடன் தொடங்கிய பள்ளியில் அப்போது நூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்களும் ஆயிரத்தைந்நூறு மாணவரும் இருந்தனர். 1910-க்குள் நாட்டின் கறுப்பின மக்களில் எழுத்தறியாதோர் நூற்றுக்கு முப்பது பேராகக் குறைந்துவிட்டனர். அவர் மறைந்த நாளில் நம் அண்ணல் அம்பேத்கர், இருபத்து நான்கு வயது இளைஞராக, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்தார். 1946-இல் அண்ணல் கடிதம் எழுதித் தொடர்பு கொண்டது டூபாய்சுடன். கல்வியையும் உரிமையையும் பிரிக்காமல் ஒருசேரக் கைப்பற்றுவதே அண்ணல் நமக்குக் காட்டிய நெறி.

மேக்கன் கவுண்டியின் பிற்கால வரலாறு இந்நெறியின் தேவையை உறுதி செய்கின்றது. 1932 முதல் 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, அக்கவுண்டியின் ஏழைக் கறுப்பின ஆடவர் சுமார் அறுநூறு பேரை ஓர் ஆய்வில் வைத்திருந்தது. அவருள் 399 பேர் சிஃபிலிஸ் நோயாளிகள். நோயின் பெயரும் அவர்களுக்கு உரைக்கப்படவில்லை. பென்சிலின் கிடைத்த பின்னும் அளிக்கப்படவில்லை. டஸ்கீகி கல்விக்கூட மருத்துவமனையும் அதற்கு இடம் தந்தது. புகழ்பெற்ற கல்விக்கூடத்தின் நிழலிலேயே, கல்லாத மக்கள் இவ்வாறு வஞ்சிக்கப்பட்டனர். மறுபுறம், 1957-இல் டஸ்கீகி நகரின் எல்லையையே மாற்றி வரைந்து, வாக்குப் பெற்றிருந்த கறுப்பின மக்களில் நான்கைந்து பேர் தவிர ஏனைய நானூறு பேரையும் வெளியேற்றினர். அவருள் பேராசிரியர்களும் இருந்தனர். கல்வி மட்டும் அவர்களைக் காக்கவில்லை. அக்கல்விக்கூடத்தின் ஆசிரியர் சார்லஸ் கோமில்லியன் வழக்குத் தொடுத்து 1960-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். வாஷிங்டன் கட்டிய பள்ளியின் ஆசிரியரே, வாஷிங்டன் ஒத்திவைத்த போரை நடத்தி முடித்தார்.

நம் இளைஞர்க்கு

இவ்வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது யாது? பள்ளி திறப்பதற்குமுன் ஒரு மாதம் ஊர் சுற்றிய அந்த இளைஞரை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் சங்கத்தின் உதவியால் கல்லூரி சென்றோர், வரும் விடுமுறையில் தத்தம் ஊரின் ஒவ்வொரு வீட்டுக்கும் செல்லட்டும். எந்தப் பிள்ளை எந்த வகுப்பில் நின்றது, ஏன் நின்றது, எந்தப் பெண் பூப்பெய்தியதும் நிறுத்தப்பட்டாள், எந்தக் குடும்பம் கடனுக்காகப் பிள்ளையை வேலைக்கு விட்டது என்று எழுதி வரட்டும். அக்குறிப்பேடே நம் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளின் அடித்தளம்.

அடுத்து, ஆறு முட்டை கொண்டு வந்த கிழவியை நினைவில் கொள்வோம். இச்சங்கத்தின் பிடியரிசிக்கும் மாதச் சந்தாவிற்கும் பின்னால் அத்தகைய தாய்மார் பலர் உள்ளனர். அவர்களிடம் நாம் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. அதே வேளை, அரசு தர வேண்டிய பள்ளியையும் விடுதியையும் உதவித்தொகையையும் கேட்டுப் பெறும் உரிமையை, நம் உழைப்பைக் காட்டி எவரும் தட்டிக் கழிக்க விடலாகாது. ஒரு கையில் செங்கல்லும் மறு கையில் வாக்குச் சீட்டும் நமக்கு வேண்டும். வாஷிங்டன் முன்னதன் வலிமையை வாழ்ந்து காட்டினார். பின்னதன் தேவையை அவர் வாழ்வின் குறை நமக்குக் காட்டுகின்றது. இரண்டையும் ஒருசேர ஏந்திச் செல்வோமாக.